பதினெட்டாம் நாளின் உறுதிமொழி: காந்தி கொலைக்குப் பிந்தைய ஒற்றுமையை அளத்தல்

ஆண்டுதோறும் ஜனவரி 30 அன்று காலை 11 மணிக்கு நாடு இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறது. அந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பள்ளிப் பாடநூல் முதல் மேடைப் பேச்சு வரை அது ஏறக்குறைய ஒரே வடிவில் சொல்லப்பட்டு வருகிறது: காந்தி உயிரோடிருந்து அடக்க முடியாத மதவெறியை அவரது மரணம் அடக்கியது, சிந்திய குருதி கண்டு நாடு வெட்கித் தலைகுனிந்தது, கலவரங்கள் ஓய்ந்தன, இந்தியா ஒன்றுபட்டது. இக்கதை பொய்யன்று. 1948 பிப்ரவரிக்குப் பின் வட இந்திய நகரங்களில் வகுப்புக் கலவரத்தின் வேகம் தணிந்ததை ஞானேந்திர பாண்டே உள்ளிட்ட பிரிவினை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். எனினும் ‘ஒற்றுமை’ என்ற சொல் இங்கே எதைக் குறிக்கிறது, அதை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்வியை அக்கதை எழுப்புவதில்லை. அளவுகோல் ஒன்று இருக்கவே செய்கிறது. கொலைக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் காந்தியே அதை எழுத்தில் பெற்றிருந்தார்.

1947 செப்டம்பர் 9 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லி வந்த காந்தி, பஞ்சாப் நோக்கிய பயணத்தைத் தொடர முடியாமல் அங்கேயே தங்க நேர்ந்தது. தலைநகரமே எரிந்துகொண்டிருந்தது. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் சுமார் 5,00,000 இந்து, சீக்கிய அகதிகள் டெல்லிக்குள் வந்து சேர்ந்தனர்; சுமார் 3,30,000 முஸ்லிம்கள் நகரை விட்டு நீங்கினர். வெளியேறாத முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் முகாம்களில் அடைந்து கிடந்தனர். காலியான வீடுகளிலும் மசூதிகளிலும் அகதிகள் குடியேறினர். அக்குடியேற்றத்தை வெறுப்பின் செயலாக மட்டும் படிப்பது முறையாகாது. லாகூரிலும் ராவல்பிண்டியிலும் உற்றாரை இழந்து, உடுத்த துணியோடு வந்தவர்களுக்கு டெல்லியின் குளிர்காலத்தில் மசூதியின் கூரையும் ஒரு கூரைதான். 1948 ஜனவரி 13 அன்று காந்தி உண்ணாநோன்பைத் தொடங்கியபோது, அவர் தங்கியிருந்த பிர்லா மாளிகைக்கு வெளியே ‘காந்தி சாகட்டும்’ என முழக்கமிட்டவர்கள் இந்த மனிதர்களே. அதைக் கேட்ட நேரு காரிலிருந்து பாய்ந்து இறங்கிச் சினந்து அவர்களை நோக்கி ஓடினார்.

ஆறாம் நாள், ஜனவரி 18 அன்று, நோன்பு முடிந்தது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் கூடிய அமைதிக் குழு அளித்த எழுத்துபூர்வமான உறுதிமொழியே அதற்குக் காரணம். காங்கிரசார், முஸ்லிம், சீக்கியப் பிரதிநிதிகள், அகதிகளின் சார்பாளர்கள் ஆகியோரோடு இந்து மகாசபை, ஆர்.எஸ்.எஸ். சார்பிலும் அதற்கு ஒப்புதல் தரப்பட்டது. பாகிஸ்தான் தூதர் ஜாகித் ஹுசைனும் அங்கிருந்தார். உறுதிமொழியில் பொதுவான நல்லெண்ணச் சொற்கள் குறைவு. சோதித்துப் பார்க்கத்தக்க வாக்குறுதிகள் மிகுதி. மெஹ்ரோலியில் உள்ள குவாஜா குத்புதீன் பக்தியார் காக்கி தர்காவின் ஆண்டுத் திருவிழா முன்போலவே நடக்கும். சப்ஜி மண்டி, கரோல் பாக், பஹாட்கஞ்ச் ஆகிய பகுதிகளில் முஸ்லிம்கள் அச்சமின்றி நடமாடுவர். கைப்பற்றப்பட்ட மசூதிகள் திருப்பித் தரப்படும். வெளியேறிய முஸ்லிம்கள் டெல்லிக்குத் திரும்பி வர விரும்பினால் எதிர்ப்பு இராது. இறுதியாக ஒன்று: இவை யாவும் மக்களின் சொந்த முயற்சியால் நிறைவேறும், காவல்துறையின் துணையோ ராணுவத்தின் துணையோ நாடப்படாது.

காந்தி நாடிய ஒற்றுமையின் இலக்கணம் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. அரசு வேண்டுமானால் துப்பாக்கி முனையில் ஒரு தெருவை அமைதியாக வைத்திருக்கலாம். அந்த அமைதி அவருக்குப் போதவில்லை. மசூதியில் குடியிருக்கும் அகதி தானே வெளியேறி அதை ஒப்படைக்க வேண்டும் என்றார். அது நடைமுறைக்கு ஒவ்வாத பேராசை என அன்று பலரும் எண்ணினர். அவ்வாறு எண்ணியதற்குக் காரணமும் இருந்தது.

ஜனவரி 20 அன்று அவரது வழிபாட்டுக் கூட்டத்தில் மதன்லால் பாஹ்வா என்ற பஞ்சாப் அகதி வெடிகுண்டு வெடித்தார். அவர் பிடிபட்டுக் கூட்டாளிகளைப் பற்றிய துப்பும் கிடைத்தது. அதன் பிறகும் டெல்லி, பம்பாய்க் காவல்துறைகள் பத்து நாட்களில் செய்யத் தவறியவற்றை 1960களின் இறுதியில் கபூர் ஆணையம் விரிவாக ஆராய்ந்தது. அந்த இடைவெளியில், ஜனவரி 27 அன்று, காந்தி மெஹ்ரோலி தர்காவுக்குச் சென்றார். சலவைக்கல் வேலைப்பாடுகள் உடைக்கப்பட்டிருந்ததைக் கண்டு வருந்தினார். ஆயினும் விழா நடந்தது. இந்துக்களும் சீக்கியரும் கலந்துகொண்டனர். உறுதிமொழியின் ஒரு வாக்குறுதி அவர் கண்ணெதிரே நிறைவேறியது. மூன்று நாட்கள் கழித்து, மாலை 5 மணி 17 நிமிடத்துக்கு, நாதுராம் கோட்சே சுட்ட மூன்று குண்டுகளுக்கு அவர் பலியானார்.

கொலையைத் தொடர்ந்த ஒற்றுமையைத் துயரத்தின் இயல்பான விளைவாகக் காண்பது எளிது. முதல் ஒரு மணி நேரத்தின் நிகழ்வுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. சுட்டவன் யார் என்று பரவலாகத் தெரியாத அந்நேரத்தில், ஒரு முஸ்லிமே கொன்றிருப்பான் என்ற ஊகம் காட்டுத்தீயாய்ப் பரவும் நிலை இருந்தது. பிர்லா மாளிகைக்கு வந்த மவுண்ட்பேட்டன், கூட்டத்தில் ஒருவர் அவ்வாறு கத்தியதைக் கேட்டவுடன், கொன்றவன் இந்து என்று உரக்க மறுத்ததாகவும், அப்போது அவருக்கே அது உறுதியாகத் தெரியாது என்றும் பின்னாளில் பதிவாயிற்று. அகில இந்திய வானொலி பரபரப்பாகச் செய்தியை அள்ளி வீசவில்லை. ஆறு மணி அறிவிப்பில் கொலைச் செய்தியோடு கொலையாளி ஓர் இந்து என்ற தகவலையும் சேர்த்தே சொன்னது. அந்த ஒரு வரி எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது. கொலையாளியின் மதத்தை அறிவிப்பது பொதுவாகப் பகையை மூட்டும் செயல். அன்று அதுவே பகையை அணைத்தது. அன்றிரவு நேரு எழுதிவைத்த உரை ஏதுமின்றி வானொலியில் பேசினார். நாட்டில் பரவியிருந்த நஞ்சைச் சுட்டிய அவர், அதை வேரோடு களைய வேண்டும், ஆனால் கோபத்தால் அன்று எனக் கேட்டுக்கொண்டார். அவரைத் தொடர்ந்து பேசிய படேலும் பழிவாங்கும் எண்ணம் கூடாது என வேண்டினார்.

இவ்விருவரும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பேசியதற்கே தனிப் பொருள் உண்டு. காந்தி வழிபாட்டுக்குத் தாமதமாகப் புறப்பட்டதன் காரணம் படேலோடு நிகழ்ந்த நீண்ட உரையாடல். அதன் பொருள் நேருவுக்கும் படேலுக்கும் இடையே முற்றியிருந்த பிளவு. இருவரில் ஒருவர் அமைச்சரவையிலிருந்து விலகுவது நல்லது என ஒரு காலத்தில் எண்ணிய காந்தி, இருவருமே இன்றியமையாதவர் என்ற முடிவுக்கு அப்போது வந்திருந்தார். அதையே படேலிடம் சொன்னார். நேருவிடம் பேசுவதற்குமுன் காலம் முடிந்தது. ஐந்து மணிக்குச் சொல்லப்பட்டது கட்டளையாக மாற அன்றைய மரணம் போதுமானதாயிற்று. பிப்ரவரி 3 அன்று நேரு படேலுக்கு எழுதிய கடிதத்தில், பாபுவின் மறைவோடு எல்லாமே மாறிவிட்டது, பழைய சர்ச்சைகளுக்கு இனி இடமில்லை என்ற தொனி இருந்தது. படேலும் உருக்கமாகவே மறுமொழி எழுதினார். காங்கிரஸ் உறுப்பினர்களிடையே நேருவைத் தம் தலைவர் எனக் குறிப்பிட்டார். அதே வாரங்களில் ஜெயப்பிரகாஷ் நாராயண் உள்ளிட்டோர், காந்தியைக் காக்கத் தவறியதாக உள்துறை அமைச்சரான படேலைக் கடுமையாகக் குறைகூறி வந்தனர். மார்ச் தொடக்கத்தில் படேலுக்கு மாரடைப்பு வந்தது. அவர் 1950 டிசம்பரில் மறையும் வரை இருவருக்கும் கருத்து வேறுபாடுகள் ஓயவில்லை. எனினும் அரசு உடையவில்லை. கொலைக்குப் பிந்தைய ஒற்றுமையில் மிக உறுதியாக நின்ற பகுதி எது என்று கேட்டால், மக்களிடையே உண்டானதைக் காட்டிலும் இவ்விருவரிடையே உண்டானதையே சுட்ட வேண்டும்.

இறுதி ஊர்வலத்தை ராணுவம் ஏற்பாடு செய்தது. அகிம்சையைப் போதித்தவரின் உடல் ஆயுத வண்டியொன்றின்மேல் வைக்கப்பட்டு, முப்படை வீரர்களால் கயிறு கட்டி இழுக்கப்பட்டு, சுமார் ஐந்து மணி நேரம் ஊர்ந்து யமுனைக்கரையை அடைந்தது. இந்த முரண் அன்றே பலருக்குப் பட்டது. மக்கள் பெருக்கைக் கருதினால் வேறு வழியும் இருந்திராது என்பதையும் சொல்ல வேண்டும். பிப்ரவரி 12 அன்று மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் கொண்ட தனி ரயிலில் அஸ்தி அலகாபாத் சென்று திரிவேணி சங்கமத்தில் கரைக்கப்பட்டது. அதே நாளில் நாட்டின் பல ஆறுகளிலும் கடல்களிலும் அஸ்தி கரைக்கப்பட்டது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த கன்னியாகுமரிக் கடலும் அவற்றுள் ஒன்று. அஸ்திக் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில்தான் 1956இல் காந்தி மண்டபம் எழுந்தது. இந்தச் சடங்குகள் துயரத்தை வெளிப்படுத்தியதோடு நில்லாமல், ஆறு மாதக் குழந்தையான அரசுக்கு முறைமையும் அதிகாரமும் ஈட்டித் தந்தன என்கிறார் யாஸ்மின் கான். ஒரே நாளில், ஒரே முறையில், வடக்கும் தெற்கும் ஒரே இழப்பை அனுசரித்தது என்பதே பலருக்கும் ‘இந்தியா’வை முதன்முதலாக உணரவைத்த அனுபவம். அவ்வாதம் ஏற்கத்தக்கது. ஆனால் அது கூட்டத்தின் கண்ணீரை அரசின் கணக்கில் சற்று அதிகமாகவே வரவு வைக்கிறது.

பிப்ரவரி 4 அன்று ஆர்.எஸ்.எஸ். தடை செய்யப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். இந்து மகாசபை தன் அரசியல் நடவடிக்கைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இது குறித்துப் படேல் எழுதிய இரு கடிதங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்; ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவது இரு தரப்பிலும் வழக்கமாகிவிட்டது. பிப்ரவரி 27 அன்று நேருவுக்கு எழுதியதில், கொலைச் சதியில் ஆர்.எஸ்.எஸ். ஓர் அமைப்பாக ஈடுபடவில்லை என்றார். ஜூலை 18 அன்று சியாமா பிரசாத் முகர்ஜிக்கு எழுதியதிலோ, இக்கொடுமை நிகழக்கூடிய சூழலை அவ்வமைப்பின் செயல்பாடுகளே உருவாக்கின என்றார். செங்கோட்டையில் நடந்த வழக்கில் 1949 பிப்ரவரி 10 அன்று தீர்ப்பு வந்தது, கோட்சேவுக்கும் நாராயண் ஆப்தேவுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது, சாவர்க்கர் விடுதலையானார். 1949 ஜூலையில் தடை நீங்கியது. தடையும் கைதுகளும் தேவையாயிருந்தனவா என்பது வேறு கேள்வி. காவல்துறையின் துணையின்றி என்று தொடங்கிய உறுதிமொழி, இரண்டே வாரங்களில் முழுக்க முழுக்கக் காவல்துறையின் பொறுப்பாயிற்று என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

ஒன்றுபட்ட நாடு என்ற சித்திரத்தில் மராட்டிய நாட்டுக்கு இடம் தரப்படுவதில்லை. கொலையாளி புணேவைச் சேர்ந்த சித்பாவனப் பிராமணர் எனத் தெரிந்ததும் பம்பாய், புணே, நாகபுரி, சாதாரா, சாங்லி, கோலாப்பூர் ஆகிய இடங்களில் பிராமணர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. கோலாப்பூரில் பால்ஜி பெண்டார்கரின் திரைப்படப் படப்பிடிப்பு நிலையம் எரிந்தது. பம்பாயில் சாவர்க்கரின் தம்பி நாராயணராவ் கல்லெறிந்து தாக்கப்பட்டுப் படுகாயமுற்றார். அவர் மறுஆண்டு இறந்தார். சாதாரா மாவட்டத்தின் சிற்றூர்களில் அரை நூற்றாண்டாகக் கனன்று வந்த பிராமணரல்லாதார் மனக்குறையும், நிலம், கடன், குத்தகை சார்ந்த பகையும் காந்தியின் பெயரால் வெளிப்பட்டன. கொலையோடு எவ்விதத் தொடர்புமற்ற குடும்பங்கள் ஊரை விட்டுப் புணேவுக்கும் பம்பாய்க்கும் பெயர்ந்தன. அவ்வாண்டே வந்த பம்பாய்க் குத்தகைச் சட்டத்தோடு சேர்ந்து, கிராமப்புற மராட்டியத்தில் பிராமணர் இருப்பையே இது மாற்றியமைத்தது. இவ்வன்முறையை ஆராய்ந்த மோரீன் பாட்டர்சன், 1948ஐச் சித்பாவனர் வரலாற்றின் திருப்புமுனையாகவே கொள்கிறார். ஆயினும் அதன் நினைவை நீண்டகாலம் சுமந்தவை குடும்பக் கதைகளும் புனைகதைகளுமே. வியங்கடேஷ் மாட்கூள்கரின் ‘வாவ்டள்’ என்ற மராட்டி நாவல் 1960களில் அதைப் பொருளாகக் கொண்டது. அகிம்சையாளருக்காகப் பழிவாங்கியதைத் தேசிய நினைவில் எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாததால் அது விடுபட்டது போலும்.

பிராமணரல்லாதார் இயக்கம் மராட்டியத்தைப் போலவே வேரூன்றியிருந்த சென்னை மாகாணத்தில் அத்தகைய பேரளவுத் தீவைப்புகள் நிகழவில்லை. காந்தியோடு இருபதாண்டுகளுக்கு மேலாகக் கடுமையாக முரண்பட்டிருந்த பெரியார், அம்மரணத்துக்கு மனமார வருந்தி, இந்நாட்டுக்குக் ‘காந்தி நாடு’ எனப் பெயர் சூட்ட வேண்டும் என எழுதினார். தமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளக்கூடிய கோபத்தை அவர் திருப்பிக்கொள்ளவில்லை. இரு மாகாணங்களின் வேறுபாட்டுக்கு இது ஒன்றே காரணமாகாது. நிலவுடைமை, கொலையாளியின் ஊர், காங்கிரசின் உள்ளமைப்பு ஆகியவை பற்றிய ஒப்பாய்வுக்கு இங்கே இடமிருக்கிறது.

இனி உறுதிமொழியின் திரும்பி வருதல் பற்றிய வாக்குறுதி. 1948இன் தொடக்க மாதங்களில் வட இந்தியாவில் நிலவிய அமைதியை நம்பி, பாகிஸ்தானுக்குச் சென்றிருந்த முஸ்லிம்கள் கணிசமான அளவில் டெல்லிக்கும் ஐக்கிய மாகாணத்துக்கும் திரும்பத் தொடங்கினர். காந்தியின் மரணம் தந்த ஒற்றுமையை நம்பியவர்கள் இவர்கள். ஜூலை மாதம் அரசு அவசரச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வருவோர்க்குப் ‘பெர்மிட்’ எனப்பட்ட அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. விட்டுச்சென்ற வீடுகள் ‘வெளியேறியோர் சொத்து’ என அரசுக் காப்பாளரின் பொறுப்பில் இருந்தன. அவற்றில் அகதிகள் குடியிருந்தனர். அடுத்த ஆண்டு, வெளியேறாமலே இருப்பவரையும் ‘வெளியேறக் கருதுபவர்’ என வகைப்படுத்தச் சட்டம் வழிவகுத்தது. இவ்வரலாற்றை வஜீரா ஜமீந்தார் தம் ‘நீண்ட பிரிவினை’ நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அகதிகளுக்கு வீடு தர வேண்டிய நெருக்கடி அரசுக்கு மெய்யாகவே இருந்தது. எனினும் எதிர்ப்பு இராது என்று ஜனவரி 18 அன்று எழுதிக் கொடுக்கப்பட்ட வாக்குக்கு ஆறு மாத ஆயுளே வாய்த்தது.

செப்டம்பரில் ஐதராபாத். ரசாக்கர்களின் கொடுமைகளுக்குப் பின் இந்தியப் படை நுழைந்து ஐந்து நாட்களுக்குள் நிஜாம் பணிந்தார். அதைத் தொடர்ந்து உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட் மாவட்டங்களில் முஸ்லிம்கள் பெருந்தொகையில் கொல்லப்பட்டனர். நேருவின் விருப்பப்படி அங்குச் சென்ற பண்டித சுந்தர்லால் குழு, இறந்தோர் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என மதிப்பிட்டது. அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படாமலே கிடந்தது. காந்தி கொலையோடு வகுப்புக் கொலைகள் முடிவுற்றன என்று எழுதும் நூல்கள், அதே ஆண்டின் இலையுதிர் காலத்தை அரிதாகவே தொடுகின்றன.

ஒற்றுமையின் பெயரால் அரசியலில் நிகழ்ந்ததும் எளிய கதையன்று. 1948 ஏப்ரல் 3 அன்று அனந்தசயனம் அய்யங்கார் கொண்டுவந்த தீர்மானத்தை அரசியல் நிர்ணய சபை ஏற்றது. வகுப்புவாத அமைப்புகள் மதம், பண்பாடு, கல்வி ஆகியவற்றுக்கு அப்பாற்பட்ட செயல்களில் ஈடுபட இடந்தரலாகாது என்பது அதன் சாரம். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், மார்ச் 10 அன்று, முகம்மது இஸ்மாயில் சாகிபின் தலைமையில் சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாகியிருந்தது. மதத்தின் பெயரால் ஒரு கொலை நடந்த சூட்டில் அப்படியொரு கட்சி ஏன் என்று அன்று கேட்கப்பட்டது. அச்சம் சூழ்ந்த சிறுபான்மைக்கு அரசியல் குரல் தேவைப்படும் நேரம் அதுவே என்பது எதிர்வாதம். 1949 மே மாதம், மதச் சிறுபான்மையினருக்கு முன்பு ஒப்புக்கொள்ளப்பட்டிருந்த சட்டமன்ற இடஒதுக்கீடு கைவிடப்பட்டது. படேல் அதை முன்னெடுத்தார். பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களும் ஆதரித்தனர். சென்னையிலிருந்து சென்ற முகம்மது இஸ்மாயில் எதிர்த்துப் பேசித் தோற்றார். இதை ஒற்றுமையின் வெற்றி என்றும், அதற்குச் சிறுபான்மையினர் செலுத்திய விலை என்றும் வரலாற்றாசிரியர்கள் படிக்கின்றனர். இரண்டாம் படிப்புக்கே சான்றுகள் வலுவாக உள்ளன. அன்றைய சூழலில் வேறு பேரத்துக்கு அவர்களுக்கு வலிமை இருக்கவில்லை.

கடைசி வாக்குறுதியை, சொந்த முயற்சியால் என்ற வரியை, மெய்யாகவே ஏற்றுச் செயல்பட்டவர் சிலர் இருந்தனர். அனீஸ் கித்வாயின் கணவர் ஷஃபி அகமது கித்வாய், முசூரி நகராட்சியின் நிர்வாகியாக இருந்தபோது 1947 அக்டோபரில் கொல்லப்பட்டார். துயரோடு டெல்லி வந்த அவரை, முகாம்களில் பணியாற்றுமாறு காந்தி அனுப்பினார். புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறையிலும் நோயுற்றோரைப் பேணிய அனீஸ், சுபத்ரா ஜோஷியின் சாந்தி தளத்தோடு சேர்ந்து டெல்லித் தெருக்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்றார். ஒருபுறம் அஞ்சி ஓட இருந்த முஸ்லிம் குடும்பங்களைத் தங்கச் சொல்லி வேண்டினார். மறுபுறம் கடத்தப்பட்ட பெண்களை மீட்கும் பணியில் உழைத்தார். காந்தியின் மரணத்துக்குப் பிறகும் அப்பணி நிற்கவில்லை. அவர் எழுதியதில் வெற்றிப் பெருமிதம் குறைவு. காலையில் ஒப்படைக்கப்பட்டது மாலையில் மீண்டும் கைப்பற்றப்பட்ட சலிப்பும், அதிகாரிகளின் அலட்சியமும், எதிர்பாராத இடத்தில் கிடைத்த ஓர் அகதிக் குடும்பத்தின் பரிவும் அதில் நிறைந்துள்ளன. 1949இல் அவர் எழுதி முடித்த ‘ஆசாதி கி சாவ் மேன்’ என்ற அந்த உருது நினைவுநூல் 1974இல்தான் அச்சேறியது. அவருடைய பேத்தி ஆயிஷா கித்வாயின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல் வந்தது.